சுவர்க்காரி

அக்காவைப் பழிவாங்குவது என்று வைண்டிங்காரன் முடிவு செய்தது வார்னிஷ் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில். அந்த நேரத்தில் அவனுக்கு வேறு வேலை கிடையாது. மோட்டாரிலிருந்து கருகின செம்புக் கம்பியைப் பிடுங்குவது, புதுக் கம்பி சுற்றுவது, சுற்றினதைப் பள்ளத்தில் இறக்கி மூங்கில் ஆப்பு அடிப்பது, நூல் போட்டு இறுக்குவது என்று மற்ற நேரமெல்லாம் கை ஓடிக்கொண்டே இருக்கும். வார்னிஷில் முக்கியெடுத்த மோட்டாரைத் தகர அடுப்புக்குள் வைத்து மூடிவிட்டால் மட்டும் காத்திருக்க வேண்டும். சும்மா உட்காரும்போது அவனுக்கு நல்ல நினைப்பு எதுவும் வருவதில்லை.

நகராட்சி நோட்டீஸ் சட்டைப்பையில் இருந்தது. குடியிருப்புக் கட்டடத்தில் பட்டறை நடத்துவதால் வீட்டு வரி இனிமேல் மூன்று மடங்கு. நோட்டீஸைக் கொண்டுவந்த ஆள் கையெழுத்து வாங்கும்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. “புகார் வந்திருக்குங்க. யாரோ ஒரு அம்மா எழுதியிருக்காங்க. கையெழுத்து முத்து மாதிரி இருந்துச்சு” என்று சொல்லிவிட்டுப் போனான்.

“அவளேதான்” என்றான் வைண்டிங்காரன்.

மனைவி தரையில் உட்கார்ந்து பள்ளத்துக்குள் வைக்கிற காப்புத்தாளை அளவாக வெட்டி, ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். அவள் மடித்துக் கொடுத்தால் கம்பி உரசாது. அந்த வேலையை அவன் வேறு யாரிடமும் கொடுத்ததில்லை.

“உங்க அக்காவா எழுதியிருப்பாங்க?”

“பின்ன, மச்சானா எழுதுவாரு? அந்த மனுஷன் பேரு எழுதி முடிக்கறதுக்குள்ள மூச்சு வாங்கி ரெண்டு தடவை உக்காந்து எந்திரிப்பாரு.”

“அதான் சொல்றேன். அவருக்கு இந்த வார்னிஷ் வாடை ஆகலங்க. நேத்துகூட விடிய விடிய இழுத்துக்கிட்டு கிடந்தாரு.”

“வாடையால இழுக்கல. இழுத்த சிகரெட்டெல்லாம் இப்ப அவரை இழுக்குது.”

மனைவி சிரிக்கவில்லை. இன்னொரு தாளை எடுத்தாள்.

அப்பா உயிரோடு இருந்தபோதே வீட்டை இரண்டாகப் பிரித்துவிட்டார். வாசலில் இருந்து பின்கட்டு வரைக்கும் ஒரு சுவர். இந்தப் பக்கம் மகன், அந்தப் பக்கம் மகள். நகராட்சியில் அலைந்து இரண்டு கதவு எண்ணும் வாங்கிக் கொடுத்தார். அந்த நடுச்சுவர் யாருக்கு என்று மட்டும் எங்கேயும் எழுதாமல் செத்துப்போனார். பின்னால் இருக்கிற முற்றத்தையும் பிரிக்கவில்லை. அது பொது. நடுச்சுவர் அந்த முற்றத்துக்குள்ளும் கொஞ்ச தூரம் நீண்டு நின்றது. அதில் சாய்த்துத் தகரக் கூரை போட்டு, முன்னால் இரண்டு பைப்பை நட்டு, மூன்று பக்கமும் தகரம் அடித்து, கதவு வைத்ததுதான் பட்டறை. ஊரில் அதற்குச் சாய்ப்பு என்று பெயர்.

அக்கா ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஆயுள் முழுக்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பெரிய பெரிய இயந்திரங்களுக்கு நடுவில் பேசிப் பேசி அவள் குரல் நாலு வீட்டுக்குக் கேட்கும். சுவர் கட்டின செலவு அவளுடையது. அதற்காகக் கையில் கிடந்ததைக் கழற்றி விற்றாள். அதனால் சுவர் தன்னுடையது என்பாள். இல்லை, பொது என்பான் தம்பி. அவன் இந்தப் பக்கம் ஒரு ஆணி அடித்தால் அவள் அந்தப் பக்கமிருந்து உலக்கையால் இடிப்பாள். படம் மாட்ட அடித்த ஆணி என்றாலும் சரி, கண்ணாடி மாட்ட அடித்த ஆணி என்றாலும் சரி. அக்காவும் தம்பியும் பேசிக்கொள்வதெல்லாம் இப்படித்தான், சுவர் வழியாக.

நகராட்சி அலுவலகத்தில் வரிப் பிரிவு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. கவுன்டர் கண்ணாடியில் பேசுவதற்கு விட்டிருந்த ஓட்டை ஆளின் நெஞ்சு உயரத்தில் இருந்ததால், யாராக இருந்தாலும் குனிந்துதான் பேச வேண்டும். வைண்டிங்காரன் குனிந்தான். உள்ளே இருந்த அம்மாள் ரொட்டியை டீயில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள்.

“மூணு மடங்கு எதுக்கும்மா? நான் என்ன மில்லா நடத்தறேன்?”

அவள் நோட்டீஸை வாங்கிப் பார்த்தாள். “வீடு எத்தனை சதுர அடியோ, அதை உங்க தெருவுக்குன்னு வெச்சிருக்கற விகிதத்தால பெருக்குவோம். உங்களுது பழைய வீடு, அதுக்குக் கழிவும் குடுத்திருக்கு. அப்புறம் எதுக்குப் புழங்கறீங்கன்னு பார்ப்போம். குடியிருந்தா ஒரு மடங்கு. தொழில் பண்ணா மூணு.”

“தொழில் பின்னாடி சாய்ப்புல நடக்குது. வீட்டுக்குள்ள திங்கறோம், தூங்கறோம், சண்டை போடறோம். அதுக்குமா மூணு மடங்கு?”

“சண்டைக்கு வரி இல்லீங்க. இருந்தா இந்நேரம் ஊருல ரோடெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கும்.” வாயைத் துடைத்துக்கொண்டாள். “சாய்ப்பும் வீடும் ஒரே கட்டடம்னா எல்லாத்துக்கும் சேர்த்து மூணுதான். தனின்னா பிரிச்சுப் போடலாம். சாய்ப்பு நிக்கிற இடம் யாருது?”

“முத்தம் ரெண்டு வீட்டுக்கும் பொது.”

“கூரை எதுல உக்காந்திருக்கு?”

“நடுச்சுவத்துல.”

“சுவரு யாருது? கூரை எந்தச் சுவத்துல உக்காந்திருக்கோ, அந்தச் சுவர்க்காரங்க கட்டடத்தோட சேர்த்துத்தான் நாங்க எழுதுவோம். பொதுச்சுவர்னா ஆளுக்குப் பாதி.”

பொது என்கிற வார்த்தை அவன் பல் வரைக்கும் வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கினான்.

“கேட்டுச் சொல்றேம்மா.”

“உங்க வீட்டுச் சுவரைப் பத்தி யாருகிட்ட போய்க் கேப்பீங்க?”

“அதுக்கு ஒரு ஆளு இருக்கு” என்றான். மறுபடி அளக்கச் சொல்லி அங்கேயே மனு எழுதிக் கொடுத்தான். வெளியே வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது. அது அவனுக்கு உறைக்கவில்லை. சைக்கிளில் ஏறி மிதித்தான்.

மனைவியிடம் சொன்னபோது அவள் கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்தாள்.

“இத்தனை வருஷமா அந்தச் சுவத்துக்காகத்தானே மாரடிச்சீங்க. இப்ப விட்டுக்கொடுக்கப் போறீங்களா?”

“விட்டுக்கொடுப்பேனா? அவளா வந்து புடுங்கிக்குவா. புடுங்கிக்கிட்டு மூணு மடங்கு கட்டட்டும். பட்டறை நடத்தறான்னு எழுதினால்ல, அந்தப் பட்டறையே அவ தலையில விடியட்டும்.”

“அப்ப சாய்ப்பு அவங்களுதாயிடாதா? நாம எங்க போய் வேலை பாக்கறது?”

“எழுத்துல அவளுது. உள்ள இருக்கறது நாம. காகிதம் வந்து மோட்டார் தூக்குமா?”

“எனக்கு என்னமோ சரியாப் படல.”

“உனக்கு எதுதான் சரியாப் பட்டுச்சு, என்னைக் கட்டினது உட்பட.”

“அதைத்தான் முதல்ல சொல்லணும்” என்று சொல்லிவிட்டு உலையில் அரிசி போடப் போனாள்.

அளக்க வந்தவர் ஒல்லியான மனுஷன். கறுப்புக் குடை, கையில் இரும்பு டேப். கூட ஆள் இல்லை. டேப்பின் ஒரு முனையை வைண்டிங்காரனையே பிடிக்கச் சொன்னார். அவன் வாசல் மூலையில் குந்தி, முனையைச் சுவரோரம் அழுத்திப் பிடித்தான். பிடித்த முனை அசையாதபடி பார்த்துக்கொண்டான், அப்படி ஒரு அக்கறை. தெருவில் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். டேப்பை இழுத்தால் ஆள் சேராத தெரு உண்டா?

அக்காவின் கதவு திறந்துதான் இருந்தது. ஆளைக் காணோம். ஆனால் உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது.

“நடுவுல நிக்கிற சுவரு?” என்று கேட்டார் டேப்புக்காரர்.

வைண்டிங்காரன் எழுந்து நின்றான். அக்காவின் கதவைப் பார்த்துக்கொண்டு, தேவைக்கு மேல் சத்தமாகச் சொன்னான்: “பொதுச்சுவர் சார். நல்லா எழுதிக்கோங்க. பொது!”

அடுத்த மூச்சில் அக்கா தெருவில் நின்றாள்.

“எவன் சொன்னான் பொதுன்னு?”

“அப்பா சொன்னாரு.”

“அப்பா செத்துட்டாரு. செங்கல்லு நிக்குது பாரு. ஒவ்வொரு கல்லும் என் காசு சார். இவன் அன்னைக்கு ஒரு சட்டி மணல் தூக்கல. கொத்தனாருக்கு டீ வாங்கப் போனவன், சுவரு இடுப்பு உயரம் வந்ததுக்கப்புறம்தான் திரும்பி வந்தான்.”

கூட்டம் சிரித்தது. வைண்டிங்காரனுக்குக் காது சூடேறியது. ஆனாலும் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

“நீ சொன்னா ஆயிடுமா? பொதுன்னா பொதுதான்.”

“பொதுவாம், பொது! உன் நாக்குதான்டா பொது, எல்லா ஊட்டுக் கதையும் பேசும். சுவரு என்னுது.”

டேப்புக்காரர் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். “அம்மா, சண்டை வேணாம். உங்களுதுதான்னு உறுதியா சொல்றீங்களா? எழுதினா அப்புறம் மாத்தறது கஷ்டம்.”

உள்ளேயிருந்து மச்சானின் குரல் இருமலுக்கு நடுவே துண்டு துண்டாக வந்தது. “ஏய்… எதுக்கு… கேக்கறாருன்னு… கேளு மொதல்ல…”

“நீங்க சும்மா கெடங்க” என்றாள் திரும்பாமல். “முழுக்க என்னுது சார். உச்சியிலிருந்து அஸ்திவாரம் வரைக்கும். வாசல்ல ஆரம்பிச்சுப் பின்னாடி முத்தத்துல முடியற வரைக்கும். எங்க கையெழுத்துப் போடணும்?”

டேப்புக்காரர் தம்பியைப் பார்த்தார். “உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?”

அவன் தரையைப் பார்த்தான். தோற்றவன் எவ்வளவு நேரம் பார்ப்பானோ அவ்வளவு நேரம் பார்த்தான்.

“பெரியவங்க சொல்றாங்க. நான் என்ன சொல்றது?”

அந்தப் பணிவுதான் அக்காவுக்கு உறுத்தியது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இவன் இப்படிப் பேசுகிற ஆள் இல்லையே என்று முகத்தில் எழுதியிருந்தது. ஆனால் தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. இவ்வளவு கத்திவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுக்க முடியாது. போட்டாள். முத்து முத்தாகத்தான் போட்டாள்.

தம்பி வீட்டுக்குப் பழைய வரியே திரும்பியது. அக்கா வீட்டுக்கு, சாய்ப்பையும் சேர்த்து, மூன்று மடங்கு. நோட்டீஸ் வந்த அன்று வைண்டிங்காரன் டீக்கடையில் அறிமுகமில்லாத ஆளுக்குக்கூட டீ சொன்னான். மத்தியானம் வந்து இரண்டு மோட்டாரை வார்னிஷில் முக்கி அடுப்பில் வைத்தான். அடுப்பு மூடியை வேண்டுமென்றே கால்வாசி திறந்து வைத்தான். அந்தக் காரவாடை கண்ணை எரிக்கும், தொண்டையைக் கிழிக்கும். காற்று அந்தப் பக்கம் போனது. மச்சான் இருமத் தொடங்கி, நிறுத்த முடியாமல் போய், கடைசியில் இருமல் மாதிரியே இல்லாமல் பூனை கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. வைண்டிங்காரன் உட்கார்ந்து கேட்டான். மனைவி வந்து துணியைச் சுற்றிய கையால் மூடியைத் தள்ளி அடைத்தாள்.  

வெயில் ஏற ஏற மின்சாரம் பலவீனமாக வரும். பலவீனமாக வந்தால் மோட்டார் திணறிக் கருகும். வருஷத்தில் அந்தப் பருவத்தில்தான் வைண்டிங்காரன் சம்பாதிப்பான். நாற்றுப்பண்ணைக்காரருக்குப் பம்ப்பு முடித்துக் கொடுத்துவிட்டு ஒரு சாயந்திரம் சைக்கிளில் திரும்பியபோது சாய்ப்புக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. பித்தளைப் பூட்டு, உள்ளங்கை அகலம். உள்ளே அவன் கருவிகள், கம்பிச் சுருள்கள், ஊரார் மோட்டார்கள்.

அக்கா முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஓய்வு பெற்றும் அந்த உதறல் மாறவில்லை. ஒவ்வொரு துணியையும் சாட்டை மாதிரி சொடுக்கினாள்.

“எதுக்குப் பூட்டின?”

“என் சுவரு. என் கூரை. என் வரி. என் கதவைப் பூட்டறதுக்கு உன்கிட்ட கேக்கணுமா?”

“உள்ள ஊரான் மோட்டார் இருக்கு.”

“ஊரானை வரச்சொல்லு. எடுத்துக் குடுத்துடறேன். கருகினது கருகினபடி.”

“உடைச்சுடுவேன்.”

“உடை” என்றாள். இன்னொரு துணியைச் சொடுக்கினாள். “நீயும் நானும் தாயும் புள்ளையுமா வளந்தோம்னு யாரும் நெனைக்க மாட்டாங்க. திருடன் உடைச்சான்னு நெனைப்பாங்க.”

அவன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தான். மனைவி குறுக்கே நின்றாள்.

“உடைச்சு உள்ள போய் என்ன செய்வீங்க?”

“வேலை செய்வேன்.”

“அப்ப பட்டறை யாருதுன்னு கேட்டா? நமக்கும் அந்தச் சாய்ப்புக்கும் சம்பந்தமில்லன்னு நகராட்சியில எழுத வெச்சிருக்கீங்க. அதுக்குத்தானே ஊருக்கெல்லாம் டீ வாங்கிக் குடுத்தீங்க.”

“வீட்டுக்குள்ள வெச்சு வேலை செய்யறேன்.”

“செய்யுங்க. மறுபடியும் முத்து மாதிரி ஒரு புகார் போகும். மறுபடியும் மூணு மடங்கு. நல்லா யோசிச்சுத்தான் குழி வெட்டியிருக்கீங்க. அளவு மட்டும் நம்ம அளவாப் போச்சு.”

கடப்பாரை சுவரில் சாய்ந்து நின்றது. அதையும் பார்த்துவிட்டு அக்கா குரல் கொடுத்தாள்: “என் சுவத்துல எதையும் சாய்க்காத.”

மோட்டார்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அக்காவே பூட்டைத் திறந்து, “எதுப்பா உன்னுது?” என்று கேட்டு எடுத்துக் கொடுத்தாள். அவர்கள் வைண்டிங்காரன் வாசலில் நின்று கொஞ்ச நேரம் திட்டிவிட்டு, மார்க்கெட் பக்கம் இருக்கிற இன்னொரு பட்டறைக்கு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவன் உள்ளே படுத்துக் கிடந்தான். சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்தான். கம்பி பிடித்துக் காய்த்த விரல்கள் சும்மா கிடக்க முடியாமல் பாயின் கோரையைப் பிய்த்தன. வரி கட்டும் தவணை வந்தபோது மனைவி போய்க் கட்டிவிட்டு வந்தாள். தெருவிலேயே குறைந்த வரி அவர்களுடையதுதான். ரசீதை அவன் தலைமாட்டில் வைத்தாள்.

“இந்தாங்க. ஜெயிச்சாச்சு.”

அன்றைக்குத்தான் அவள் முற்றம் வழியாக அந்தப் பக்கம் போனாள். என்ன பேசினாள் என்று திரும்பி வந்து சொல்லவில்லை. மறுநாள் மச்சான் வந்தார். வாசலிலிருந்து நாற்காலிக்கு வருவதற்குள் சுவரை இரண்டு இடத்தில் பிடித்துக்கொண்டார்.

“மாப்ள… நான் தூதுவன். அடிக்கக் கூடாது.”

“சொல்லுங்க.”

“சாய்ப்பை உனக்கு வாடகைக்கு விடறாளாம். வரியில… ஏறினது எவ்வளவோ… அதுதான் வாடகை.”

“அப்ப மூணு மடங்கை நானே கட்டறேன், அவ கை வழியா.”

“கணக்குல நீ… கெட்டிதான்.” மூச்சு வாங்கினார். “அடுப்பு வைக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லணுமாம். நான் வெளிய போய்… காத்தாட உக்காந்துக்குவேன். அவ இத்தனை வருஷமும் அதத்தான்… எதிர்பார்த்தா. நீ சொன்னதே இல்ல.”

வைண்டிங்காரன் பாயிலிருந்து இன்னொரு கோரையைப் பிய்த்தான்.

“இன்னொண்ணு. தினம் காலையில நீயே வாசலுக்கு வந்து சாவி வாங்கணும். சாயந்திரம் திருப்பிக் குடுக்கணும். வாங்கறப்ப… அக்கான்னு கூப்பிட்டு வாங்கணுமாம்.”

“முடியாது.”

“நானும் அதத்தான் சொன்னேன். அவன் சாவான், கூப்பிட மாட்டான்னு. அழுதா மாப்ள. அவ அழுது நான்… பாத்ததில்ல. ஆஸ்பத்திரியில எத்தனை ரத்தத் துணி துவைச்சவ.”

மச்சான் எழுந்துபோன பிறகு மனைவி சமையலறையில் இருந்தபடியே சொன்னாள்: “ஒரு வார்த்தைதானே. தொண்டையில முள்ளா இருக்கு?”

மறுநாள் காலை அவன் குளித்து, வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அக்கா வாசலில் போய் நின்றான். எதிர்வீட்டுக்காரர் பல் தேய்த்துக்கொண்டே கிட்ட வந்து நின்றார். இன்னும் இரண்டு மூன்று வாசலில் ஆட்கள் எதையோ கூட்டிப் பெருக்குகிற பாவனையில் இருந்தார்கள். கதவைத் தட்டினான்.

“யாரு?” என்று உள்ளேயிருந்து கேட்டாள். யாரென்று தெரியாமல் இல்லை.

அவன் வாயைத் திறந்தான். சின்ன வயதில், வீடு ஒன்றாக இருந்தபோது, பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து இதே கதவைத் தட்டி, அந்த வார்த்தையைத்தான் கத்துவான். பாதி நாக்குக்கு வந்தது. எதிர்வீட்டுக்காரர் தேய்ப்பதை நிறுத்திவிட்டு வாய் நுரையோடு காத்துக்கொண்டிருந்தார். அந்த முகத்துக்கு முன்னால் அதைச் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

“வாடகைக்காரன்” என்றான், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி.

 பிறகு தாழ்ப்பாள் விலகியது. அக்கா தலையை வாரிப் படிய முடிந்திருந்தாள், விசேஷத்துக்குப் போகிறவள் மாதிரி உடுத்தியிருந்தாள். அவளுக்குப் பின்னால் மேசை மேல் மூன்று தம்ளரில் டீ இருந்தது. அந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர். மச்சான் தன் தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, தம்பி முகத்தைப் பார்க்காமல், டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் சாவியை அவன் கையில் போட்டாள். கை கையில் படாமல் மேலேயிருந்து போட்டாள்.

“இருட்டறதுக்குள்ள சாவி வந்துடணும். வாடகைக்காரங்களுக்கு அதுதான் சட்டம்.”

கதவு சாத்திக்கொண்டது. அவன் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு முற்றத்துக்கு வந்தான். அக்கா வீட்டுக் கழுவுதொட்டித் தண்ணீர் சுவரடியில் ஒரு ஓட்டை வழியாக முற்றத்து வாய்க்காலுக்கு வரும். இப்போது அதில் டீ வந்தது. ஒரு தம்ளர் அளவு. இன்னும் ஆவி பறந்தது. அவன் அதைத் தாண்டிப் போய்ப் பூட்டைத் திறந்தான்.